சாண்டோரினிப் படிகளும் மாமியாரின் முழங்காலும்

"சாண்டோரினியில் ஐந்து இரவு. எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த அறை. வேறு எதுவும் வேண்டாம்" என்று கிரேக்கத் தீவுப் பயணம் கேட்டு வந்த குடும்பம் அது. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், அறுபத்தெட்டு வயது மாமியார். பயணத் திட்டமிடலுக்கு நான் வந்து மூன்றாவது வருடம். கேட்டதைக் கொடுப்பதுதான் சேவை என்று நம்பியிருந்தேன். அந்தத் தீவின் ஓயா கிராமத்தில் அறை போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது: "சார், அத்தை ரூம்லயே இருக்காங்க. மேல ரோட்டுக்கு வர எழுபத்தி மூணு படி. நேத்து ஒரு தடவை ஏறினதோட சரி."

சாண்டோரினியின் அமைப்பே அப்படி. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை நடுவே குழிந்துபோக, எஞ்சிய விளிம்புதான் இன்றைய தீவு. அந்தச் செங்குத்துச் சரிவைக் குடைந்துதான் வெள்ளை அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். சாலை உச்சியில், அறை கீழே, நடுவில் படிகள். பெரும்பாலான இடங்களில் லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்க ஆள் இருப்பார். மாமியாரைத் தூக்க மாட்டார். ஹோட்டல் படங்களைப் பாருங்கள், எல்லாமே அறையிலிருந்து கடலைப் பார்த்து எடுத்தவை. திரும்பி நின்று படிகளை யாரும் எடுப்பதில்லை.

அந்தக் குடும்பம் அடுத்த வருடம் வேறு ஒரு ஏஜென்டிடம் போய்விட்டது. நியாயம்தான்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் தீவின் பெயரை எடுப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் யாருக்கு மூட்டு வலி? மதியம் சாப்பிட்டதும் தூங்குவீர்களா? கடலில் இறங்குவீர்களா, கரையில் நின்று கால் நனைப்பதோடு சரியா? கார் ஓட்டுவது யார்? ராத்திரி பத்து மணிக்குத் தூக்கமா, அப்போதுதான் பொழுது விடிகிறதா? கல்யாணத்துக்கு வரன் பார்ப்பது மாதிரி கேட்கிறீர்களே என்று சிரிப்பார்கள். பதில் சொல்லச் சொல்ல, அவர்கள் கேட்டு வந்த தீவு தானாகவே மாறிவிடும்.

கிரேக்கத்தில் சிறியதும் பெரியதுமாகச் சுமார் 6,000 தீவுகளும் திட்டுகளும் உண்டு. மக்கள் வாழ்பவை 227. நம்மவர்கள் கேட்பது இரண்டே இரண்டு. சாண்டோரினி, மிக்கோனோஸ்.

மிக்கோனோஸ் இரவுக் கொண்டாட்டத்தின் தீவு. விடியும்வரை பாட்டு, கடற்கரையில் படுக்கை நாற்காலிக்குக்கூட கனத்த கட்டணம். அந்தச் சூழல் பிடித்த நண்பர் கூட்டத்துக்குப் பணம் வீண் போகாது. குழந்தையோடு போகிறவர்களுக்கு அங்கே மூன்று இரவு என்பது தண்டனை. ஆனால் பக்கத்திலேயே படகில் போய் வரும் தூரத்தில் டீலோஸ் இருக்கிறது. கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்ததாகப் புராணம் சொல்லும் தீவு, 1990 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. யாரும் இரவு தங்க அனுமதி இல்லை. அதைப் பார்க்காமல் மிக்கோனோஸிலிருந்து திரும்புகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

குடும்பமாக, மூன்று தலைமுறை சேர்ந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது நக்சோஸ். விவசாயத் தீவு அது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான் அதன் பெருமை. துறைமுகத்தில் இறங்கினால் அப்பல்லோ கோயிலின் ஒற்றைப் பளிங்கு வாசல் கடலோரம் நிற்கிறது. ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில் அலையடிக்காத ஆழமில்லாத மணற்கரை. சாண்டோரினியின் கரைகள் கறுப்பு மணல், கல். அங்கே போய்க் குழந்தை மணல்வீடு கட்ட முடியாமல் அழுததைப் பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நக்சோஸில் அந்த அழுகை இல்லை. ஒருநாள் சலித்தால் பஸ் பிடித்து மலைக் கிராமங்களுக்குப் போகலாம். சாண்டோரினி பார்த்தே ஆக வேண்டும் என்றால், நக்சோஸில் நான்கு இரவு தங்கிவிட்டு அங்கே இரண்டே இரவு. அதுவும் சாண்டோரினியின் ஃபீரா ஊரில், சாலைக்குச் சமமான அறையில். அஸ்தமனம் அங்கிருந்தும் தெரியும்.

வரலாற்றுப் பிரியர்களுக்கு ரோட்ஸ். மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு கிரீட். ஆனால் கிரீட்டைத் தீவு என்று நினைக்காதீர்கள், ஒரு மாநிலம் என்று நினையுங்கள். கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர். நடுவிலுள்ள ஹெராக்லியோன் நகரில் அறை போட்டுக்கொண்டு "பக்கத்தில்தானே" என்று மேற்குக் கோடியிலுள்ள எலஃபோனிசிக் கடற்கரைக்குக் கிளம்பினால் நாள் முழுதும் காருக்குள்தான். கிழக்கில் பாதி நாட்கள், மேற்கே ஹானியா நகரில் பாதி நாட்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடக்கப் பிடித்தவர்களுக்கு சமாரியா பள்ளத்தாக்கு, 16 கிலோமீட்டர் இறக்கம். இறக்கம்தானே என்று நினைப்பவர்களுக்கு மறுநாள் முட்டி பதில் சொல்லும்.

கையில் இரண்டே நாள் இருப்பவர்களுக்கு ஹைட்ரா. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகப் படகில் இரண்டு மணி நேரத்துக்குள். கார், பைக் எதுவும் ஓடாது. பெட்டியைக் கழுதை சுமக்கும். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த தீவு இதுதான். ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். கடைத்தெரு இல்லாமல் பொழுது போகாது என்பவர்கள் மறுநாளே திரும்பிவிடுவார்கள்.

அடுத்தது தீவு விட்டுத் தீவு தாவுவது. ஏழு நாளில் ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. காகிதத்தில் அது இரண்டு மணி நேரப் படகு. நடப்பில், காலையில் அறையைக் காலி செய்து, துறைமுகத்தில் காத்திருந்து, படகு தாமதித்து, இறங்கி, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் ஏறி, அடுத்த அறையில் பெட்டியை வைக்கும்போது பகல் போயிருக்கும். ஏழு இரவுக்கு இரண்டு தீவு. பத்து இரவுக்கு மூன்று, அதுவும் ஒரே படகுப் பாதையில் வரவேண்டும். கோர்ஃபு தீவு மேற்கே அயோனியக் கடலில் இருக்கிறது, சாண்டோரினி கிழக்கே ஏஜியன் கடலில். அங்கிருந்து சாண்டோரினிக்குப் படகு கேட்பது கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் படகு கேட்பது மாதிரி.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனாலும் படகு கிளம்பாது. காற்றின் வலுவைக் குறிக்கும் ப்யூஃபோர்ட் அளவில் எட்டைத் தொட்டால் பெரிய கப்பல்களுக்கே பொதுவாகத் தடை. வேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். புதுமணத் தம்பதி ஒன்றுக்குக் காலையில் நக்சோஸிலிருந்து படகு, அன்றிரவே ஏதென்ஸிலிருந்து விமானம் என்று போட்டிருந்தேன். படகு போகவில்லை. படகுக் கட்டணம் திரும்பி வந்தது, விமானக் கட்டணம் வரவில்லை. பாதியை நான் கொடுத்தேன். இப்போது யார் என்ன சொன்னாலும் கடைசி இரவு ஏதென்ஸில்தான்.

ஆகஸ்ட் 15 சுற்றிய வாரத்தைத் தவிர்க்கச் சொல்வேன். நமக்கு சுதந்திர தினம், அவர்களுக்கு அன்னை மரியாளின் திருநாள். நாடே தீவுகளுக்குக் கிளம்பும். டீனோஸ் தீவில் துறைமுகத்திலிருந்து தேவாலயம்வரை பக்தர்கள் முழங்காலிட்டே ஏறுவார்கள். வேளாங்கண்ணி மணற்பாதையில் இதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று ஊர் நினைவு வரும். அதைப் பார்க்கவே போவதென்றால் பல மாதங்களுக்கு முன்பே அறை போடுங்கள். மற்றவர்களுக்கு ஜூனும் செப்டம்பரும். செப்டம்பரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும்.

சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மரபில் விரத நாட்கள் ஏராளம். விரதச் சமையலுக்கு 'நிஸ்டீசிமோ' என்று பெயர். இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஒரு சிக்கல் உண்டு: இறாலும் கணவாயும் அவர்களுக்கு விரதத்தில் சேர்த்தி. அதனால் 'ஹோரிஸ் தலாசினா', அதாவது கடலுணவு இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஃபாவா கேளுங்கள், மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டது. நெய் விட்ட பருப்பை நினைத்துக்கொண்டே சாப்பிட்டுவிடலாம்.

கிரேக்கத்துக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது அது, ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத அறையைப் போடாதீர்கள். கார் எடுப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு சக்கர பைக்கைப் பார்த்ததும் பையன்கள் துள்ளுவார்கள். மலைச்சாலையில் அது கவிழும். வேண்டாம்.

இன்னொன்று, எந்தப் பதிவுத் தளத்திலும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு இரவுக்கும் அறைக்கு ஒரு வரியை ஹோட்டல் மேசையில் தனியாக வாங்குகிறார்கள், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது அதிகம். அந்த மாதங்களில் ஐந்து நட்சத்திரத்துக்கு 2025 முதல் 15 யூரோ. நான் இதை இரண்டு முறை எழுதியும் ஒரு முறை வாயாலும் சொல்லிவிடுவேன். அங்கே இரவு பதினொன்றரைக்கு வரவேற்பு மேசையில் அந்தக் காசைக் கேட்கும்போது சென்னையில் மணி இரண்டு; போன் எனக்குத்தான் வரும்.