அப்டேட் போட்டாச்சு, ஓட்டை அடைபட்டுச்சா?

செம்பனை எண்ணெய் மில்லில் எனக்கு வேலை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாளில் சர்வரை ஐந்து நிமிடம் நிறுத்தட்டுமா என்று கேட்டாலே மேலாளரின் முகம் மாறிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. வெட்டிய குலை அடிபட்டுக் கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். எடைப்பாலத்துக் கணினி நின்றால் லோரிகள் வாசலிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் நிற்கும். மென்பொருள் ஓட்டையை அடைக்கும் பேட்ச் என்றால் என்னவென்று பழத்துக்குத் தெரியாது.

நான் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் சின்னச் சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். மில், கிளினிக், கூட்டுறவுக் கடை என்று வாடிக்கையாளர்கள் கலந்து கிடக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதால் பாதிப் பேருக்கு நான் இன்னும் ‘தம்பி’தான். பில் கொடுக்கும்போது அதுதான் தொல்லை.

2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு மில்லின் தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாமே ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரே சர்வரில்தான். ‘எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து எழுதிக் கொடு’ என்றார்கள்.

சர்வர் 2013இல் வாங்கியது. முன்பு பார்த்துக்கொண்ட குத்தகைக்காரர் விட்டுப்போன கோப்பில், ‘ஹார்ட்பிளீட் பேட்ச் முடிந்தது’ என்று 2014 தேதியிட்டு ஒரு வரி இருந்தது. பொய்யில்லை. விண்டோஸ் அப்டேட் அத்தனையும் போட்டிருந்தார். ஆனால் ஹார்ட்பிளீட் விண்டோஸின் ஓட்டையே இல்லை.

அது ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் ஓட்டை. பிரவுசரில் பூட்டுப் படம் தெரிகிறதே, அந்தப் பூட்டைச் செய்து கொடுக்கிற மென்பொருள்களில் அதுதான் பெரியது. இலவசம் என்பதால் ஊரில் உள்ள கம்பெனியெல்லாம் எடுத்துத் தங்கள் பொருளுக்குள் வைத்துத் தைத்துவிட்டன. சர்வர் மேலாண்மைக் கருவியும் அப்படி ஒன்றுதான். டிஸ்க் கெட்டால் மின்னஞ்சல் போடும், தூரத்திலிருந்தே சர்வரை நிறுத்தித் திறக்கும், பிரவுசரில் ஒரு பக்கம் காட்டும். அந்தப் பக்கத்தைக் காட்ட அது விண்டோஸின் குறியாக்கத்தைக் கேட்பதில்லை, தன் சொந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லைக் கேட்கிறது. விண்டோஸ் அப்டேட் அந்தப் பெட்டியைத் தொடவே தொடாது.

அன்று டிஸ்க் முழுக்க ஓபன்எஸ்எஸ்எல்லைத் தேடச் சொன்னதும் அதன் கோப்பான லிப்-இஏஒய்-32.டிஎல்எல் என்ற பெயரில் நான்கு கோப்புகள் வந்தன. (அந்த ‘இஏஒய்’, ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முன்னோடியை எழுதிய எரிக் யங்கின் பெயரெழுத்துகள்.) ஒன்று மேலாண்மைக் கருவியுடையது, ஒன்று பேக்கப் மென்பொருளுடையது, ஒன்று யுபிஎஸ் கண்காணிப்பு, நான்காவதை யார் போட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. புதிய பதிப்புகளில் கோப்பின் பெயர் லிப்கிரிப்டோ, லிப்எஸ்எஸ்எல் என்று மாறிவிட்டது. இரண்டு விதமாகவும் தேட வேண்டும். வலது கிளிக் செய்து விவரம் பார்த்தால் பதிப்பு எண் தெரியும். மேலாண்மைக் கருவியில் இருந்தது 1.0.1இன் ‘இ’ பதிப்பு. ஓட்டை இருந்தது 1.0.1 முதல் அதன் ‘எஃப்’ வரை. 2014 ஏப்ரல் 7இல் வந்த ‘ஜி’யில்தான் அடைத்தார்கள். இன்னும் பழைய 0.9.8, 1.0.0 வரிசைகளில் இந்த ஓட்டை கிடையாது. சோம்பேறித்தனத்தால் தப்பியவர்களும் உண்டு.

அந்த ஓட்டை என்னவென்று மில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அண்ணனுக்கு 555 புத்தகத்தை வைத்துத்தான் புரிய வைத்தேன். கடன் கணக்கெழுதும் அந்தக் குட்டிப் புத்தகம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? நீங்கள் மளிகைக்கடைக்காரரிடம், ‘என் பேரில் ஒரு வரி எழுதுங்க, எழுதினதைத் திருப்பி வாசிங்க’ என்கிறீர்கள். இரண்டு கணினிகள் ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொள்ளும் சாதாரண வழக்கம் அது. இப்போது ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு, ‘நான் சொன்னது அறுபத்து நாலு பக்கம், வாசி’ என்கிறான் ஒருவன். கடைக்காரர் எண்ணிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக் கடன், அதற்கடுத்த வீட்டுக் கடன் என்று வாசித்துக்கொண்டே போகிறார். உண்மையில் அது பக்கமல்ல, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகம். அதில் யாரோ சற்றுமுன் அடித்த பாஸ்வேர்டு இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். லாக் கோப்பில் ஒரு தடயமும் விழாது.

‘அப்ப நம்மகிட்டேயிருந்து எடுத்தாங்களா இல்லையா?’ என்று கேட்டார் அண்ணன். தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் பதில். மேலாண்மைப் பக்கத்தைக் கோலாலம்பூரிலிருந்தே பார்க்கட்டும் என்று குத்தகைக்காரர் ரௌட்டரில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். பதினோரு ஆண்டு திறந்தே கிடந்த கதவு அது. அதனால் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் ரௌட்டரில் கதவைச் சாத்த வேண்டும். பிறகு கருவியின் புதிய பதிப்பு, அதற்கு மறுதொடக்கம், அதன் பிறகு புது ரகசியச் சாவி, அந்தச் சாவிக்குப் புதுச் சான்றிதழ் (இது நம் சர்வர்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளம்), பழைய சான்றிதழை ரத்து செய்தல், கடைசியில்தான் பாஸ்வேர்டு. பயத்தில் பலர் முதலிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார்கள். ஓட்டை திறந்திருக்கும்போது மாற்றிய பாஸ்வேர்டும் அதே ஓட்டை வழியாகப் போகும். இன்னொரு கூத்து, சான்றிதழைப் புதுசாக வாங்கிப் பழைய சாவியிலேயே ஒட்டுவது. 2014இல் பல தளங்கள் இதைச் செய்தன. கடைக்கதவில் பூட்டின் உறையை மட்டும் மாற்றின மாதிரி.

இந்த மில்லில் அதற்கு மேலும் ஒரு சிக்கல். தலைமை அலுவலகம் ஒரே சான்றிதழை வாங்கி, ஒரே சாவியை மின்னஞ்சல் சர்வர், கேமராப் பெட்டி, மேலாண்மைக் கருவி மூன்றிலும் போட்டிருந்தது. காசு மிச்சம்தான். ஆனால் ஒன்றில் சாவி போனால் மூன்றிலும் போச்சு. 2016 மார்ச்சில் வெளியான டிரவுன் தாக்குதல் இந்தப் பழக்கத்தைத்தான் அடித்தது. ஏதோ ஒரு சர்வர் எஸ்எஸ்எல் 2 என்ற பழைய குறியாக்க முறையை அனுமதித்தால் போதும், அதே சாவியை வைத்திருக்கும் நல்ல சர்வரின் பேச்சையும் உடைக்க வழி கிடைத்தது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதுவரை சிரித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். கூட்டுறவுக் கடையில் உபுண்டு 14.04 என்ற லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இருந்தது. ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பைக் கேட்டால் 1.0.1 ‘எஃப்’ என்றது. அலறியடித்துப் போனேன். பிறகுதான் உறைத்தது: உபுண்டு எண்ணை மாற்றாமல் பேட்சை மட்டும் பழைய பதிப்பில் சேர்க்கும். 14.04 வெளிவந்தபோதே இந்த ஓட்டை அடைபட்டுத்தான் வந்தது. எங்கள் ஊர் மாதிரிதான். போர்டில் பெஸ்தாரி ஜெயா ஆகி எத்தனையோ வருடமாச்சு, எங்கள் வாயில் இன்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான். லினக்ஸில் பொதியின் (மென்பொருள் மூட்டையின்) முழு எண்ணையும் அது கட்டப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. பொதியைப் புதுப்பித்தாகிவிட்டது, எண் சரி, தேதி சரி. ஆனால் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வெப்மின் போன்ற மேலாண்மைச் சேவை பழைய நூலகத்தை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில் அழிந்த கோப்பு, நினைவகத்தில் உயிரோடு. நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி எவையெவை அப்படி இருக்கின்றன என்று சொல்லும். சந்தேகமென்றால் சர்வரையே மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது மென்பொருள் கருவிகூட அல்ல, மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் மேலாண்மைச் சிப். ஐலோ, ஐடிராக் என்று கம்பெனிக்கொரு பெயர். இது சர்வருக்குள் குடியிருக்கும் ஜாகா, அதாவது காவல்காரர். சர்வரை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை தூங்காது. தனிச் செயலி, தனி முகவரி, தன்னுடைய சொந்தக் குறியாக்க மென்பொருள். விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. இதற்குப் பேட்ச் என்றால் தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஏற்றும் மென்பொருள்தான். அதை ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் சிப் செத்த கல். எங்கள் வட்டாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி இறங்கும். அதனால் காலையில், யுபிஎஸ்ஸை நம்பத்தகுந்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் செய்வேன்.

சில ஓட்டைகளுக்குப் பேட்சே கிடையாது. இந்தச் சிப்புகள் பேசும் ஐபிஎம்ஐ 2.0 என்ற நெறிமுறை, நீங்கள் யாரென்று உறுதி செய்வதற்கு முன்பே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டிலிருந்து பிழிந்த ஹேஷைக் கேட்டவன் கையில் கொடுத்துவிடும். வடிவமைப்பே அப்படி. 2013இல் அம்பலமானது. வீட்டில் உட்கார்ந்து அந்த ஹேஷை உடைத்துப் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருக்கலாம். நீளமான பாஸ்வேர்டு வைப்பது, அந்த நெறிமுறையின் வாசலான 623ஆம் போர்ட்டை வெளியுலகுக்குக் காட்டாமல் இருப்பது, முடிந்தால் அந்த வசதியையே அணைப்பது, அவ்வளவுதான் நம் கையில் உள்ளது. மில்லில் அந்தச் சிப்புக்கு ஒரு தனி நெட்வொர்க் கொடுத்தேன். ஒரு பழைய சுவிட்சும் ஒரு வயரும் போதுமானதாக இருந்தது.

பழைய சிப்பின் பக்கம் இன்றைய பிரவுசரில் திறக்காது, ஏனென்றால் அதற்குத் தெரிந்தது டிஎல்எஸ் 1.0 என்ற பழைய குறியாக்க முறை மட்டும். புதிய பிரவுசர்கள் 2020 வாக்கில் அதைக் கைவிட்டுவிட்டன. அதற்காகவே ஆபீஸ் அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் வைத்திருந்தார்கள். அதிலேயே மின்னஞ்சலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அதைப் பிடுங்கியதில் எனக்கும் மேலாளருக்கும் கொஞ்சம் மனக்கசப்பு.

2024 ஆகஸ்ட் 26இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் 11 முக்கியத் துறைகளில் ஒன்றாக வேளாண்மையையும் தோட்டத் துறையையும் சேர்த்திருக்கிறது. எல்லா மில்லும் அதன் கீழ் வராது, நியமிக்கப்பட்டவை மட்டும்தான். ஆனால் தலைமை அலுவலகத்தில் இதைச் சொன்னதும் புதுச் சர்வருக்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் மூன்று தடவை அனுப்பியிருந்தேன்.

அந்த ஞாயிறு வேலை முடிய மாலை நாலரை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிராணி அண்ணன் போன். மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கிறதாம். சான்றிதழை இந்த முறை மில்லுக்குள்ளேயே தனியாகச் செய்து போட்டிருந்தேன். அவர் கணினியில் அதைப் பதிய மறந்துவிட்டேன். பதினோரு ஆண்டாக அந்தச் சிவப்பைப் பார்த்தாலே ‘பரவாயில்லை, போ’ என்று அமுக்கிப் பழகியவர்.

‘தம்பி, அமுக்கவா வேணாமா?’

‘வேணாம்ணே. சான்றிதழைத் திறந்து கைரேகைன்னு நீளமா ஒண்ணு இருக்கும், அதை ஒவ்வொரு எழுத்தா வாசிங்க.’

நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழு, சி, மூணு, சைபர் என்று அவர் வாசிக்க, நான் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். பாதி வந்திருக்கும், பின்னால் லோரி ஹார்ன். ‘இரு தம்பி, பழம் வந்திருச்சு’ என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.