வாசலிலேயே கூட்டத்தைப் பிரித்த ரோமானியர்கள்

மண்டபங்கள், அரங்குகளின் பாதுகாப்பைச் சரிபார்ப்பது என் தொழில். நெரிசல் என்றதும் பலரும் கதவு எத்தனை அடி அகலம் என்றுதான் கேட்கிறார்கள். வரைபடத்தை விரித்ததும் நான் தேடுவது வேறு: இரண்டு கூட்டம் எங்கே ஒன்று சேர்கிறது? கதவு அகலமாக இருந்தும் ஆள் நசுங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ரோமானியக் கட்டடக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் நாடக அரங்குகளுக்குச் சொல்லும் விதியைப் பாருங்கள். வழிகள் நிறைய வேண்டும், விசாலமாக வேண்டும். மேல் அடுக்குக்குப் போகும் வழி கீழ் அடுக்கின் வழியோடு கலக்கக் கூடாது. திருப்பம் இல்லாமல் நேராகப் போக வேண்டும். காட்சி முடிந்து மக்கள் கிளம்பும்போது நசுங்கக் கூடாது என்று காரணத்தையும் அவரே எழுதிவிட்டார். இன்றைக்கும் இதில் திருத்த ஒன்றும் இல்லை.

கி.பி. 80இல் திறக்கப்பட்ட, ரோம் நகரின் மாபெரும் அரங்கமான கொலோசியத்தில் இதன் முழு வளர்ச்சியைப் பார்க்கலாம். தரைமட்டத்தில் 80 வளைவு வாசல்கள். நான்கு முக்கிய வாசல்கள் தவிர மற்ற 76க்கும் எண் உண்டு. 23 முதல் 54 வரை கல்லில் வெட்டிய எண்கள் வளைவுகளின் தலைமேல் இன்றும் தெரிகின்றன. கல்லைச் சுத்தம் செய்தபோது அவற்றில் சிவப்பு வண்ணத்தின் மிச்சமும் கிடைத்தது. தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று பூசியிருப்பார்கள். தன் வாசலில் நுழைந்தவர் நடைக்கூடத்தைக் கடந்து, தன் அடுக்குக்கான படியேறி, இருக்கைகளுக்கு நடுவே உள்ள ஒரு திறப்பில் வெளியே வருவார். அந்தத் திறப்பைத்தான் வாமிட்டோரியம் என்கிறோம். செனட்டர்கள் கீழே, பெண்களும் ஏழைகளும் உச்சியில். அந்தஸ்து பார்த்து மனிதரைப் பிரித்த ஏற்பாடு அது. அதை நான் புகழ மாட்டேன். ஆனால் கூட்டம் உள்ளே போய் முட்டிக்கொண்ட பிறகு அல்ல, தெருவிலேயே பிரிந்துவிட்டது என்பதுதான் நமக்குப் பாடம். கொலோசியம் இத்தனை நிமிடத்தில் காலியாகும் என்று சுற்றும் கணக்குகளைவிட இது முக்கியம்.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். வெளியே நெரிசல் கூடியதால் போலீசார் ஒரு பெரிய கேட்டைத் திறந்தார்கள். உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரே ஒரு சுரங்க வழி. அது ரசிகர்கள் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப் பகுதிக்குப் போனது. பக்கவாட்டுப் பகுதிகளில் இடம் இருந்தது. சுரங்க வழியை யாரும் அடைக்கவில்லை, பக்கவாட்டில் போகச் சொல்லவும் இல்லை. 97 பேர் இறந்தார்கள்.

என் வேலையில் நான் பார்ப்பதும் இதன் சின்ன உருவங்கள்தான். பால்கனிப் படிக்கட்டும் கீழ்த்தளக் கூட்டமும் ஒரே வராந்தாவில் வந்து முட்டும். அந்த வராந்தாவில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. பின்பக்கக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆள் தேடுவார்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: டிக்கெட்டிலேயே வாசல் எண்ணை அச்சிடுங்கள். அந்த எண்ணை வாசலுக்கு மேலே, கூட்டத்தின் தலை மறைக்காத உயரத்தில் பெரிதாக எழுதுங்கள். ஒரு வழி நிரம்பினால் அதை அடைத்து அடுத்த வழியைக் காட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள், அவர் கையில் அந்தக் கதவின் சாவியும் இருக்கட்டும்.