விறகு வெட்டும்போது கண்ணில் முள் பட்டால்

தை மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் 50 வயதை நெருங்கிய பெண்மணி ஒருவர் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பொங்கலுக்கு வேண்டிய விறகுக்காகக் கண்மாய்க்கரையில் கருவை எனப்படும் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது கிளை ஒன்று விசிறியடித்து வலக்கண்ணை முள் கீறியிருக்கிறது. அன்று கொஞ்ச நேரம் நீர் வடிந்து உறுத்தல் அடங்கிவிட்டதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கண் சிவந்தபோது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டுக்கொண்டார். நான்காம் நாள், மாமியாருக்குக் கண்புரை அறுவைக்குப் பின் கொடுத்திருந்த சொட்டுமருந்தில் மீந்திருந்ததை எடுத்து விட்டார். சிவப்பு மட்டுப்பட்டதால் குணமாகிறது என்று நம்பியிருக்கிறார். 11-ஆம் நாள் அவர் என் முன் அமர்ந்தபோது, கருவிழியின் நடுவே மிளகளவு வெள்ளைப் புண் ஒன்று, ஓரங்கள் பஞ்சிழைபோலப் பிரிந்து, பரவிக்கொண்டிருந்தது. பூஞ்சைத் தொற்று.

தென்மாவட்டங்களில் கண் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இந்தக் கதை புதிதல்ல. வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்தாலும், வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விசேஷ நாட்களில் பெரிய பாத்திரம் ஏற்றுவதற்கும் விறகுதான் என்னும் வீடுகள் இன்னும் ஏராளம். அந்த விறகைக் காசு கொடுத்து வாங்குவோரைவிட, அருவாளை எடுத்துக்கொண்டு போய்த் தாமே வெட்டித் தலையில் சுமந்து வருவோரே என்னிடம் அதிகமாக வருகிறார்கள். விறகு வெட்டுவதை விட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. வெட்டும் முறையில் எந்த இடத்தில் கண் ஆபத்துக்கு உள்ளாகிறது என்பதையும், கீறல் பட்ட அன்றே என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்வது மட்டும் என் கடமை.

சீமைக்கருவேலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்று இடத்துக்கு இடம் அதற்குப் பெயர் மாறும். பல மாவட்டங்களின் கண்மாய்களையும் தரிசுகளையும் அது மூடிக்கிடக்கிறது. நின்று எரிகிறது, கனலும் நன்றாக நிற்கிறது, யாரும் நட்டு வளர்க்க வேண்டியதில்லை என்பதால் ஏழை வீட்டு அடுப்புக்கு அதைவிட வாகான விறகு கிடையாது. ஆனால் அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிப் புதராக வளர்வது அதன் இயல்பு. ஒரு கிளையை அடியில் வெட்டிவிட்டாலும் அது கீழே விழுவதில்லை. மற்றக் கிளைகளில் சிக்கி, வில்லைப்போல் வளைந்து நிற்கிறது. அதைக் கையால் பற்றி இழுக்கும்போது சிக்கு திடீரென விடுபட, கிளை இழுப்பவரின் முகத்தை நோக்கியே வருகிறது. நான் பார்த்த முள் காயங்களில் பெரும்பாலானவை வெட்டும்போது பட்டவை அல்ல, இப்படி இழுக்கும்போது பட்டவை என்பதை நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் நான் அறிந்துகொண்டேன்.

பழகிய கைக்காரர்கள் கிளையைக் கையால் தொடுவதே இல்லை. ஒரு கையில் கவைக்கம்பை வைத்துக் கிளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அருவாளைப் போடுகிறார்கள். வெட்டிய கிளையைத் தொரட்டியால் கொக்கியிட்டு, நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுக்கிறார்கள். வெளிச் சுற்றிலுள்ள சிறு கிளைகளை முதலில் கழித்து ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே புதருக்குள் போகிறார்கள்; குனிந்து உள்ளே நுழைந்து தடித்த தூரைத் தேடுவதில்லை. அவசரமாக ஒரு கட்டு விறகு வேண்டும் என்று போகிறவர்களிடம்தான் இந்த ஒழுங்கு தவறிப்போகிறது. இருட்டிய பிறகு வெட்டுவதும், இருவர் அடுத்தடுத்து நின்று வெட்டுவதும் அதே போன்ற தவறுகள். ஒருவர் விடுவிக்கும் கிளை அடுத்தவர் முகத்தில் அடித்த காயங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பழைய வேலிகளில் வெட்டுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. கருவை பல இடங்களில் திருகு கள்ளி வேலிக்குள் முளைத்து அதோடு பின்னிக் கிடக்கும். அருவாள் கள்ளியில் பட்டால் பால் தெறிக்கும். அது கண்ணில் பட்டால் சில மணி நேரத்தில் எரிச்சல் தாங்க முடியாமல் போய், பார்வை மங்கும். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளின் ஓரத்தில் வாழ்வோர், கண்ணைக் கெடுத்துவிடும் என்று தில்லை மரத்தின் பாலுக்கும் இப்படியே அஞ்சுகிறார்கள். பால் எதுவாயினும், கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு, குடிநீரோ குழாய்த் தண்ணீரோ கையில் கிடைத்த நல்ல நீரை 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, அதன் பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கழுவாமல் வண்டி ஏறிவிட்டால் அந்த நேரம் முழுவதும் பால் கருவிழியை அரித்துக்கொண்டிருக்கும். பால் பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதிருப்பதும் முக்கியம்.

கட்டை பிளப்பதில் ஆபத்தின் தன்மை வேறு. கருவைக் கட்டை பச்சையாக இருக்கும்போது இணங்கிப் பிளக்கும். காய்ந்துவிட்டால் கோடாரியைத் திருப்பியடிக்கும் அளவுக்கு இறுகிவிடும். எனவே வெட்டிய சில நாட்களுக்குள் பிளந்து அடுக்கிவிட்டு, பிளந்த பிறகு காயவிடுவதே நல்லது. கணு உள்ள பக்கத்தில் வெட்டு விழுந்தால் கோடாரி வழுக்கும், சிராய் தெறிக்கும். தரையில் கிடக்கும் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு பிளப்பது காலுக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. அகன்ற அடிக்கட்டை ஒன்றைப் பட்டறையாகப் போட்டு, அதன் மேல் செங்குத்தாக நிறுத்திப் பிளந்தால் வெட்டு நேராக இறங்கும். பிளக்கும் இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அப்பா விறகு பிளப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற குழந்தையின் கண்ணிலிருந்து சிராய் எடுத்த அனுபவம் எனக்கு ஒருமுறைக்கு மேல் உண்டு.

சிராயைவிட நான் அதிகம் அஞ்சுவது இரும்புத் துணுக்கை. தடித்த தூரைப் பிளக்க இரும்பு ஆப்பை இறக்கிச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஆப்பு இல்லாத வீட்டில் கோடாரியையே கட்டையில் பதித்து, அதன் முதுகில் இன்னொரு சுத்தியால் அடிப்பதும் உண்டு. பலநாள் அடிபட்ட ஆப்பின் தலை காளானைப்போல் விரிந்து, ஓரங்களில் வெடிப்பு விட்டிருக்கும். அடுத்த அடியில் அந்த ஓரத்திலிருந்து கடுகைவிடச் சிறிய துணுக்கு ஒன்று தெறித்து, கருவிழியைத் துளைத்து, கண்ணுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அது வரும் வேகத்தில் நுழைந்த துளை தானாகவே மூடிக்கொள்வதால், "ஏதோ பட்டது போலிருந்தது, இப்போது ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மீண்டும் வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விழித்திரையை நஞ்சாக்கிப் பார்வையைப் பறிக்கும். இரும்பின் மேல் இரும்பு அடித்த வேலையில் கண்ணில் ஏதோ பட்டது என்றால், வலி இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் போய், வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேனில் துணுக்கு இருக்கிறதா என்று பார்ப்போம். உள்ளே இரும்பு இருக்கலாம் என்ற ஐயம் இருக்கும் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, காந்தம் துணுக்கை நகர்த்திவிடும் என்பதால், எடுக்கச் சொன்னவரிடம் நீங்களே இதை நினைவூட்டலாம். ஆப்பின் தலை விரிந்துவிட்டால் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துச் சீராக்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இனி முள் கீறலுக்கு வருகிறேன். கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் மேல் தோல் அதிலும் பத்தில் ஒரு பங்கு. அந்த மேல் தோல் முழுமையாக இருக்கும் வரை பூஞ்சையும் பெரும்பாலான கிருமிகளும் உள்ளே நுழைவது கடினம். முள் கீறும்போது அந்தக் கதவு திறக்கிறது. அதே முள்ளின் மேலும் இலையின் மேலும் மண்ணிலும் வாழும் பூஞ்சை வித்துகள் அந்த வழியே உள்ளே போகின்றன. சிறிய கீறல் ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும், பலருக்கு ஆறியும் விடுகிறது. ஆறாமல் தொற்றாக மாறும் கண் எது என்பதை முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் முதல் நாளே வரச் சொல்கிறோம்.

1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, சுமார் 65 விழுக்காட்டினர் புண்ணுக்கு முன் கண்ணில் அடிபட்டவர்களாக இருந்தார்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதி பூஞ்சை. இது துயரமான பக்கம். நம்பிக்கை தரும் பக்கம் நேபாளத்தின் பக்தபூரிலிருந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு. அங்கே கிராமத் தன்னார்வலர்கள், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஒரு சதவீதக் குளோராம்பெனிக்கால் களிம்பை நாளுக்கு மூன்று முறை வீதம் மூன்று நாள் மட்டும் போட்டார்கள். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. காலம் தாழத் தாழப் புண் வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. விலை மிகக் குறைந்த ஒரு களிம்பும், சரியான நேரமும் அங்கே கண்களைக் காத்தன. முதல் நாள் முதல் நாள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முள்ளோ சுள்ளியோ கண்ணில் பட்டால், தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அன்றே கண் மருத்துவரையோ, அவர் அருகில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். கண்ணில் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும். இரண்டு நிமிட வேலை. செடி, மரம் பட்ட கண்ணைத் துணியால் இறுகக் கட்ட வேண்டாம்; அந்த வெதுவெதுப்பு கிருமிக்குத்தான் வசதி. கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவை அன்பினால் செய்யப்படுபவை என்பது எனக்குத் தெரியும். என் பாட்டியும் செய்தவர்தான். ஆனால் தோல் கிழிந்த கருவிழியில் அவை கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இவற்றைவிடக் கொடியது, அந்தப் பெண்மணி விட்டுக்கொண்ட மீந்த சொட்டுமருந்து. கண்புரை அறுவைக்குப் பின் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். அது சிவப்பையும் வலியையும் குறைக்கும். கூடவே பூஞ்சையை எதிர்த்துப் போராடும் உடலின் ஆற்றலையும் அடக்கிவிடும். நோயாளி நலமாவதாக நினைத்திருக்கும் நாட்களில் பூஞ்சை ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கிறது" என்று சொல்லி வாங்கும் சொட்டுமருந்திலும் இது கலந்திருக்கலாம். அறுவைக் கெடு முடிந்ததும் மிச்ச மருந்தைக் கொட்டிவிடுங்கள்.

பூஞ்சைத் தொற்று மெதுவானது. முள் பட்ட கண் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு, நான்காம் நாளோ ஒரு வாரம் கழித்தோ மீண்டும் சிவப்பதும், வெளிச்சம் பார்த்தால் கூசுவதும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவதும் அதன் அடையாளங்கள். அந்த நிலையில் நேட்டாமைசின் சொட்டுமருந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை, வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். புண் துளையாகிவிட்டால் கருவிழி மாற்று அறுவை. நான் சொன்ன பெண்மணிக்கு இரண்டு மாதத்தில் புண் ஆறியது. ஆறிய இடத்தில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் இப்போது அருகில் நீட்டிய விரல்களை எண்ண முடிகிறது, முகங்களை அடையாளம் காண முடியவில்லை.

பாதுகாப்புக் கண்ணாடி இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கும். இரும்புக் கடைகளில் கிடைக்கும், பக்கவாட்டிலும் மறைப்புள்ள பாலிகார்பனேட் கண்ணாடி போதும். வியர்வையில் மங்குகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை, அது உண்மையும்கூட. ஓரங்களில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கி, முந்தானையாலோ துண்டாலோ அவ்வப்போது துடைத்துக்கொண்டு வேலை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளையை இழுக்கும்போதும், ஆப்பில் அடிக்கும்போதுமாவது அது கண்ணில் இருக்கட்டும்.

முள்ளோ சிராயோ கண்ணுக்குள் குத்தி நின்றுவிட்டால், அதைப் பிடுங்காதீர்கள். கழுவவும் வேண்டாம், மருந்து விடவும் வேண்டாம். காகிதக் குவளை ஒன்றை, விளிம்பு எலும்பின் மேல் நிற்கும்படி, கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டுத்துணியால் ஒட்டுங்கள். அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்காமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ கண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எத்தனை மணிக்குப் பட்டது, பட்டது என்ன மரம், அதன் பிறகு கண்ணில் விட்டது என்ன என்று நாங்கள் கேட்போம். ஏற்கெனவே ஏதேனும் மருந்து விட்டிருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல் அந்தக் குப்பியையும் கையோடு எடுத்து வாருங்கள்.