நாலு இலக்கப் பூட்டும் ஐந்து அட்டைகளும்

மேசை மேல் நாலு இலக்க எண்பூட்டு போட்ட ஒரு பெட்டி. சுற்றி ஐந்து பேர். நால்வரிடம் ஆளுக்கோர் இலக்கம் எழுதிய அட்டை. ஐந்தாமவர் அட்டையில் அந்த இலக்கங்களை அடுக்க வேண்டிய வரிசை. அட்டையைக் காட்டக் கூடாது, வாயால் சொல்லலாம். மூடிய அறைக்குள் புதிர்களை விடுவித்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டிய ஆட்டம் ‘எஸ்கேப் ரூம்’. அலுவலகக் குழுக்களுக்கு நடத்தும் அத்தகைய சவால்களின் கரு இதுதான்.

ஏன் தகவலைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்? குழுவாகப் பேசும்போது எல்லோருக்கும் தெரிந்ததே திரும்பத் திரும்ப அலசப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. உளவியலாளர்கள் ஸ்டாசரும் டைட்டஸும் 1985-இல் சோதனை செய்து காட்டியது இது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகாது. அடுத்தவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அங்கே தானாகவே வந்துவிடுகிறது.

ஆனால் மேலே சொன்ன புதிரில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாலு இலக்கமும் வெவ்வேறு என்றால் அவற்றை 24 விதமாக அடுக்கலாம். ஒரு முயற்சிக்கு 5 விநாடி வைத்தாலும் 2 நிமிடத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். வரிசை அட்டை வைத்திருப்பவர் தேவையே இல்லை! அவர் புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார்; அலுவலகத்தில் நடப்பதேதான் இங்கும் நடக்கும். தவறான ஒவ்வொரு முயற்சிக்கும் ஆட்ட நேரத்தில் 3 நிமிடத்தைக் குறைத்தால் இந்தக் குறுக்குவழி அடைபடும். 60 நிமிட ஆட்டத்தில் அது பெரிய இழப்பு.

அறைக்கு நாலு முதல் ஆறு பேர் போதும். பத்துப் பேரை அடைத்தால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மேலாளர் கையில் பூட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மூடிய அறை ஒத்துவராதவரை வற்புறுத்தாமல், வெளியிலிருந்து நேரம் பார்க்கச் சொல்லலாம்.

தவறைச் சொன்னால் தலை போகாது என்ற உணர்வுள்ள குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன என்பது, ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து ஹார்வர்ட் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட முடிவு. எந்தக் குழு முதலில் முடித்தது என்று பட்டியல் ஒட்டினால் அந்த உணர்வுதான் முதலில் அடிபடும்.

ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை விடவே கூடாது. என்னைக் கேட்டால் ஆட்டத்தை விட இதுவே முக்கியம். ‘ஜாலியாக இருந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எந்த அட்டை எத்தனையாவது நிமிடத்தில் வாசிக்கப்பட்டது, ஏன் அதற்கு முன் வாசிக்கப்படவில்லை?’ என்று கேளுங்கள்.