இரண்டு கிலோவுக்காகப் பிள்ளைகளைக் காயப் போடாதீர்கள்

பெரு நாட்டின் லிமா நகரில் 2025 அக்டோபரில் நடைபெற்ற உலக ஜூனியர் ஜூடோ சாம்பியன்ஷிப் போட்டியில், மணிப்பூரைச் சேர்ந்த லிந்தோய் சனம்பம் பெண்கள் 63 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். 21 வயதுக்கு உட்பட்டோருக்கான அந்தப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022இல் சரயேவோவில் நடந்த உலக கேடட் (18 வயதுக்கு உட்பட்டோர்) போட்டியில் அவர் தங்கம் வென்றது 57 கிலோ பிரிவில். பதக்கச் செய்தியைப் பகிர்ந்து மகிழும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இந்த இரண்டு எடைகளையும் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வளரும் பிள்ளை எடைப் பிரிவு மாறுவது இயல்பானது. மாறிய பிரிவிலும் உலக மேடையில் ஏற முடியும்.

இராமநாதபுரம் கடற்கரையோரத்தில் மருத்துவம் பார்க்கும் எனக்கு, பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் மாதங்களில் ஒரே விதமான நோயாளிகள் வருவது வழக்கமாகிவிட்டது. ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை பழகும் மாணவர்கள்தாம் அவர்கள். காய்ச்சல் இருக்காது, அடிபட்டிருக்காது. ஆனால் எழுந்து நிற்க முடியாது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவனுடைய தந்தை தோளில் சாய்த்தபடி அழைத்து வந்தார். உதடு வெடித்திருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் பேச்சு குழறியது. புறங்கையில் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே விழாமல் நின்றது. கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்திருந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. குறைந்த எடைப் பிரிவில் ஆடுவதற்காக, முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட் அணிந்து கடற்கரை மணலில் ஓடியிருக்கிறான். "ரெண்டு கிலோதான் டாக்டர், வெயிட் பார்த்து முடிச்சதும் சாப்பிட்டா ஏறிடும்னு சொன்னாங்க" என்றார் தந்தை. அவர் மகன் மீது அக்கறையில்லாதவர் அல்லர். தமிழ்நாட்டில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கும்போது, கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு சான்றிதழ் எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். அதனால்தான் இதைக் கடுமையாகச் சொல்லாமல் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரே நாளில் குறையும் எடை கொழுப்பு அன்று. அது பெரும்பாலும் தண்ணீரும், அதனுடன் போகும் உப்புகளும்தான். உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே ஆட்டத்திறன் சரியத் தொடங்குகிறது; அதாவது 55 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரத்தத்தின் அளவு சுருங்குவதால் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது, பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் சமநிலை குலைந்தால் அந்தத் துடிப்பே தாறுமாறாகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. நம் கடற்கரையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதலாக உள்ளது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. அதன் மேல் ரெயின்கோட்டோ பிளாஸ்டிக் உறையோ சுற்றினால் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடக்க அதிக நேரம் ஆகாது. குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில், நிலத்தடி நீர் உவர்ப்பதால் பிள்ளைகள் சாதாரண நாட்களிலேயே குறைவாகத்தான் குடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது மிகைப்படுத்திய அச்சம் அன்று. அட்லாண்டா ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த தென்கொரிய ஜூடோ வீரர் ஒருவர் 1996இல் எடை குறைக்கும் முயற்சியின்போது மாரடைப்பால் இறந்தார். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இதே காரணத்தால் உயிரிழந்தனர். மூவரும் பயிற்சியில் தேர்ந்த இளைஞர்கள். அதன் பிறகு அங்கே ரப்பர் உடை, நீராவி அறை, சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும் நீர் மாத்திரை ஆகியவை தடை செய்யப்பட்டன. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்றும் வரம்பு வைக்கப்பட்டது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நீர் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் எல்லாக் காலத்திலும் இருப்பது. உடலுக்குச் செய்யும் தீங்கு ஒருபுறமிருக்க, பரிசோதனையில் சிக்கினால் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கையே முடங்கிவிடும். மலமிளக்கி மாத்திரையும் கொழுப்பைக் குறைப்பதில்லை. குடலில் உள்ள நீரைத்தான் வெளியேற்றுகிறது.

சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் விதியும், எடையைத் திடீரெனக் குறைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளும் இந்தத் தந்திரத்துக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கிறார்கள். போட்டி நாள் காலையில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து மறுபடியும் எடை பார்க்கிறார்கள். பிரிவின் வரம்பைவிட 5 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் ஆட முடியாது. 57 கிலோ பிரிவில் அது ஏறத்தாழ 59.8 கிலோ. இரவோடு இரவாக நான்கைந்து கிலோ ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. அதே நாள் காலையில் எடை பார்த்துவிட்டு ஆட வைக்கும் உள்ளூர்ப் போட்டிகளிலோ, இழந்த நீரை மீட்கவே நேரம் போதாது. தசையில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து திரும்ப நிறைவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவை. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் இரண்டு மூன்று லிட்டர் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தை இன்னும் குறைத்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல், உப்புப் போட்ட நீராகாரம், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே சரி. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது மட்டும் போதாது.

பெண் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு சொல். ஆண்டு முழுவதும் அரைவயிற்றுடன் பழகும் பெண்ணுக்கு மாதவிடாய் தவறினால், அதைப் பயிற்சியின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உண்ணும் உணவு உடலுக்குப் போதவில்லை என்பதன் அறிகுறி அது. எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் எலும்பு தேயத் தொடங்கும்.

பயிற்சியாளர்கள் எடைப் பிரிவைப் போட்டிக்கு முந்தின வாரத்தில் அல்லாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே உயரத்தையும் எடையையும் பார்த்து முடிவு செய்யலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக் குறித்து வைத்தால், எவ்வளவு தண்ணீர் இழக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கடுமையான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைப்பதே முறை.

பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதிக்க மயங்கினாலோ 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, கனமான ஜூடோ உடையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சிறுநீர் கறுத்துப் போயிருந்தால், பிள்ளை தெளிவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் உப்புச் சத்துகளுக்குமான இரத்தப் பரிசோதனைகள் சீரான பிறகே மீண்டும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.