பாடவேளையில் வேறு வேலைக்கு அழைத்தால்: ஆசிரியர்களுக்கான 27ஆம் பிரிவு

இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்த ‘நாளை காலை பத்து மணிக்குள் அலுவலகம் வரவும், தவறினால் நடவடிக்கை’ என்ற ஒற்றை வரியை ஆணையாக எடுத்துக்கொண்டு, ஈராசிரியர் பள்ளியின் ஐந்து வகுப்புகளையும் தலைமையாசிரியரிடம் விட்டுச் சென்ற ஓர் இடைநிலை ஆசிரியைக்கு அண்மையில் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முன் அனுமதியின்றிப் பள்ளியில் இல்லை என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. அவரை அழைத்ததற்கான காகிதம் எந்த அலுவலகத்திலும் இல்லை; குழுவிலிருந்த அந்தச் செய்தியும் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் தொடர்பான பணி ஆகிய மூன்றைத் தவிர வேறெந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. சிக்கல் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. ‘தேர்தல் தொடர்பான பணி’ என்ற சொற்களுக்குள் வாக்காளர் பட்டியல் திருத்தமும் அடங்கிவிடுவதால், வாக்குச்சாவடி நிலை அலுவலராக நியமிக்கப்பட்டவர் 27ஆம் பிரிவை மட்டும் காட்டித் தப்பிக்க இயலாது. தக்க காரணமின்றி அப்பணியைச் செய்யாதவருக்கு 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 32ஆம் பிரிவின்படி, மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆசிரியரைத் தவறாக அனுப்பிய அதிகாரிக்கு என்ன தண்டனை என்று கல்வி உரிமைச் சட்டத்தில் தேடிப் பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. ஆகவே, வாய்மொழியாக ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வருவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

மறுக்க முடியாத இடத்திலும் நேரத்தை வரையறுக்கக் கேட்கலாம். பட்டியல் திருத்தம் முதலிய தேர்தல் பணிகளை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாள்களிலும் பாடம் நடக்காத நாள்களிலும் தர வேண்டும், பாடவேளையில் ‘சாதாரணமாக’த் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தச் ‘சாதாரணமாக’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எல்லா அவசரமும் அசாதாரணம் என்று அலுவலகங்கள் வாதிடும். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கானது என்பதால், ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் கற்பிப்பவர்கள் இந்தத் தீர்ப்பையே முன்வைக்க வேண்டும்.

நடைமுறையில் அலைக்கழிப்பு தொடங்குவது வட்டாரக் கல்வி அலுவலகத்தில்தான். ‘ஆணை வருவாய்த் துறையுடையது, தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்’ என்பார்கள். அங்கே போனால், ‘பெயர்ப் பட்டியல் கொடுத்ததே உங்கள் துறைதான்’ என்பார்கள். இருவருக்கும் ஒரே நாளில் ஒரே மனுவைக் கொடுத்துவிடுங்கள். அதில் நியமன ஆணையின் எண்ணையும் நகலையும் கேளுங்கள். பாடவேளை தவிர்த்த நேரத்தில் பணி செய்ய இசைவதாகவும் எழுதுங்கள். இசைவை எழுதியவர் மீது பணி மறுப்பு என்று 17(பி) குறிப்பாணை, அதாவது பெருந்தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தருவது எளிதன்று. உடல்நலக் குறைவோ கர்ப்பமோ இருந்தால் மருத்துவச் சான்றுடன் விலக்குக் கேளுங்கள். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, தக்க காரணம் சொல்பவர்களின் கோரிக்கையைத் தனித்தனியே பரிசீலித்து மாற்று ஆளை அமர்த்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 4 அன்று கூறியிருக்கிறது.

‘உரிய வழியாக’ அனுப்பப்படும் மனு தலைமையாசிரியர் மேசையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால், ஒரு முன்நகலை ஒப்புகையுடன் விரைவுத்தபாலில் நேரே அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் தபால் பிரிவை விட்டு நகராதீர்கள். ‘அம்மா, வைத்துவிட்டுப் போங்க, ஐயாகிட்ட சொல்றோம்’ என்ற பதில் எங்கும் பதிவாவதில்லை. வாட்ஸ்அப் செய்தியை வந்தவுடன் திரைப்பதிவு எடுத்து வையுங்கள். பள்ளியை விட்டுக் கிளம்பும் முன், யார் அழைத்தார், எத்தனை மணிக்கு, எந்த வகுப்பு யார் பொறுப்பில் விடப்பட்டது என்பதை நகர்வுப் பதிவேட்டில் எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுங்கள். அந்த ஆசிரியையிடம் இந்த ஒரு வரி இருந்திருந்தால், நான்கு பக்க விளக்கக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.