அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் ஆர் பேக்கேஜ் நிறுவுவது எப்படி?

புள்ளியியல் வேலைகளுக்குப் பயன்படும் ஆர் என்ற நிரல்மொழியில் ஒரு பேக்கேஜை நிறுவப் போகிறோம். 'இந்த லைப்ரரியில் எழுத முடியாது' என்று எச்சரிக்கை வருகிறது. கணினி அலுவலகத்துடையது, அட்மின் பாஸ்வேர்டு கையில் இல்லை. பலர் அதோடு வேலையை நிறுத்திவிட்டு, யாருக்காவது மின்னஞ்சல் அனுப்பி நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். உண்மையில் அடுத்த வரியிலேயே ஆர் ஒரு கேள்வி கேட்கிறது: 'அதற்குப் பதிலாக உங்கள் சொந்த லைப்ரரியில் வைக்கலாமா?' ஆம் என்று சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

அது எப்படி? பேக்கேஜ் என்பது ஒரு ஃபோல்டர்தான். அதற்குள் நிரல், உதவிக் குறிப்புகள், சில சமயம் மாதிரித் தரவுகள் இருக்கும். சிலவற்றில் சி, சி++, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்த, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவுக்கு மாற்றிய, பகுதியும் உண்டு. நிறுவுவது என்றால் இந்த ஃபோல்டரைக் கொண்டுபோய் இன்னொரு ஃபோல்டருக்குள் வைப்பது. அந்தப் பெரிய ஃபோல்டருக்குத்தான் லைப்ரரி என்று பெயர். ஆரோடு சேர்ந்து வரும் லைப்ரரி, விண்டோஸில் பெரும்பாலும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கிறது. கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவான இடம் என்பதால், அங்கே அட்மின் மட்டுமே எழுதலாம். ஆக, தடை போடுவது ஆர் அல்ல, இயங்குதளம். தடையும் அந்த இடத்துக்குத்தான், பேக்கேஜுக்கு அல்ல.

ஒரு பேக்கேஜைக் கேட்டதும், ஆர் தன்னிடம் உள்ள லைப்ரரிப் பட்டியலை வரிசையாகப் பார்க்கிறது. நமது சொந்த லைப்ரரி முதலில், பொது லைப்ரரி கடைசியில். எதில் முதலில் கிடைக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: பொது லைப்ரரியில் பழைய பதிப்பு இருந்தாலும், நம் ஃபோல்டரில் புதியதை வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரின் வேலை கெடாது.

வேறு ஃபோல்டர்தான் வேண்டும் என்றால், 'ஆர் லிப்ஸ் யூசர்' என்ற சூழல் மாறியில் (ஆர் தொடங்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு) அதன் முகவரியைக் கொடுக்கலாம். ஹோம் ஃபோல்டரில் உள்ள 'ஆர்என்விரான்' கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஃபோல்டரை முதலில் நாமே உருவாக்கி வைக்க வேண்டும். இல்லாத ஃபோல்டரை ஆர் எந்த எச்சரிக்கையும் தராமல் பட்டியலிலிருந்து விட்டுவிடும். முகவரியில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே கதைதான்.

ஆரைப் புதுப்பித்த ஒரு நாள், என் பேக்கேஜ்கள் எல்லாம் காணாமல் போய்விட்டதாகப் பதறினேன். எதுவும் அழியவில்லை. சொந்த லைப்ரரியின் முகவரியிலேயே பதிப்பு எண் இருக்கிறது. 4.3-க்கு ஒரு ஃபோல்டர், 4.4-க்கு வேறு ஃபோல்டர். ஒரு பதிப்பில் கட்டிய பேக்கேஜ் இன்னொன்றில் சரியாக ஓடும் என்ற உறுதி இல்லாததால்தான் இந்த ஏற்பாடு. பழையதை அப்படியே நகலெடுக்காமல், புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸில் 2022-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இந்த லைப்ரரி, 'டாக்குமென்ட்ஸ்' பகுதியிலிருந்து 'ஆப்டேட்டா' உள்ளே மாறிவிட்டது. அது வழக்கமாக மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் தேடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளிலும் இதே கருத்துதான். அங்கே கூடுதல் கட்டளைகள் 'பிளஸ்' என்ற ஃபோல்டருக்குப் போகும். அதன் இடத்தை ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.

அட்மின் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. விண்டோஸுக்கும் மேக்குக்கும், ஆர் பேக்கேஜ்கள் கிடைக்கும் இணையக் களஞ்சியமான கிரான், கம்பைல் செய்த பேக்கேஜ்களையே தருகிறது. லினக்ஸில் பெரும்பாலும் மூல நிரல்தான் வரும், நம் கணினியிலேயே கம்பைல் ஆக வேண்டும். எக்ஸ்எம்எல்2 பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கம்பைல் செய்ய இயங்குதளத்தில் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற நூலகம் வேண்டும் (இது மேலே சொன்ன லைப்ரரி ஃபோல்டர் அல்ல, மற்ற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு). அந்த நூலகம் மட்டும் இருந்தால் போதாது, அதில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பைல் செய்யும்போது சொல்லும் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியாக வரும். பிழைச் செய்தியிலேயே அந்தப் பெயர் இருக்கும். 'ஆர் வேலை செய்யவில்லை' என்று பொதுவாக எழுதாமல், அந்தப் பெயரை அப்படியே அட்மினுக்கு அனுப்புங்கள். அவர் அதை ஒருமுறை நிறுவிக் கொடுத்தால், பேக்கேஜை நாமே நம் ஃபோல்டரில் கம்பைல் செய்துகொள்ளலாம்.